ஆறு மில்லிகிராம் செய்யும் வேலை

ஷாம்பூ, சோப்பு, முகம் கழுவும் ஜெல், உடம்புக்குப் பூசும் லோஷன் என்று குளியலறை அலமாரியில் எதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும், பொடி எழுத்துச் சேர்மானப் பட்டியலின் கடைசி வரிகளில் பெரும்பாலும் ஒரு பெயர் தட்டுப்படும்: டைசோடியம் இ.டி.டி.ஏ. அல்லது டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ. இந்தப் பெயரைச் சுற்றி இரண்டு விதமான பேச்சு உலவுகிறது. உப்புத் தண்ணீரில் குளிப்பவர்களுக்கென்று விற்கப்படும் ஷாம்பூக்களின் விளம்பரம், இது தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு முடியைக் காப்பாற்றும் என்கிறது. ‘கெமிக்கல் இல்லாத’ பொருள்களை விற்பவர்களோ, இது உடம்பின் கால்சியத்தையே உறிஞ்சிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் நஞ்சு. ஆனால் இரு தரப்பும் சேர்ந்து ஒரே தவறைச் செய்கின்றன. குளிப்பவர் மீது வேலை செய்வதற்காகவே இந்தப் பொருள் சேர்க்கப்படுகிறது என்று இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால், அதன் வேலை ஏறக்குறைய முழுவதும் புட்டிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. இது தெளிவானால்தான் புகழ்ச்சியில் எவ்வளவு உண்மை, அச்சத்தில் எவ்வளவு நியாயம், இந்தப் பொருளை மாற்ற வேண்டுமா என்பதையெல்லாம் ஒழுங்காகப் பேச முடியும்.

வேதியியல் பாடநூல்கள் இந்த வகைப் பொருள்களைக் கொடுக்கிணைப்பு ஈனிகள் என்கின்றன. தொழிற்சாலைகளில் கீலேட்டிங் ஏஜென்ட் என்பார்கள். உலோகப் பற்றி என்று இங்கே சுருக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம். கரைசலில் தனியாகத் திரியும் ஓர் உலோக அயனியை ஒரே மூலக்கூறு பல இடங்களில் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்வது இவற்றின் இயல்பு. இ.டி.டி.ஏ. மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்து ஆறு பிடிகள். நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல அவை உலோகத்தைச் சூழ்ந்து கவ்விக்கொள்கின்றன. பிடிபட்ட உலோகம் கரைசலிலேயே இருக்கும். மற்றவற்றோடு வினைபுரிய மட்டும் அதற்கு எளிதில் வழி கிடைக்காது. 1935-ல் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் ஃபெர்டினாண்ட் மூன்ஸ் இதைத் தயாரித்தார். சாயத் தொழிலில் கடின நீரைச் சமாளிக்க அப்போது சிட்ரிக் அமிலத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அதற்கு மாற்றுத் தேடியபோது பிறந்தது இது. ஏறத்தாழ பத்தாண்டு கழித்து சூரிச்சில் கெரோல்ட் ஷ்வார்ட்சன்பாக் இதை வைத்தே தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் முறையை உருவாக்கினார். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் அந்தச் சோதனையை நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் இன்றும் செய்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கிறார்களே, அதற்குள்ளும் இதுதான் இருக்கிறது. உறைவதற்குத் தேவையான கால்சியத்தை அது பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தம் உறையாமல் இருக்கிறது. எல்லா உலோகத்தையும் இது ஒரே வலுவோடு பிடிப்பதில்லை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். செம்பின் மீது அதற்குள்ள பிடி, கால்சியத்தின் மீதுள்ள பிடியைவிடப் பத்துக் கோடி மடங்குக்கும் மேல் வலிது. இரும்பின் மீதோ அதைவிடவும் வலிது.

இனி அந்தக் கணக்கு. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்கிறது, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்ட அளவு அது. குளிக்கும் போர்வெல் தண்ணீரில் 500 மில்லிகிராம் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். ஒரு வாளிக்கு 20 லிட்டர் என்றால் மொத்தம் 10 கிராம். இ.டி.டி.ஏ. மூலக்கூறு ஒன்று ஓர் அயனியைத்தான் பிடிக்கும். ஆகவே அந்த வாளியிலுள்ள கால்சியம், மக்னீசியம் முழுவதையும் பிடிக்க டைசோடியம் இ.டி.டி.ஏ. சுமார் 37 கிராம் வேண்டும். ஷாம்பூவில் அது எவ்வளவு இருக்கிறது? இந்தத் தொழிலில் வழக்கமாகச் சேர்ப்பது 0.05 முதல் 0.2 சதவீதம். 0.1 என்று வைத்துக்கொண்டால், 6 மில்லி சாஷேயில் இருப்பது 6 மில்லிகிராம். 500 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரில் அது மூன்று மில்லிக்குச் சற்று அதிகமான நீரைத்தான் மென்மையாக்கும். ஒரு தேக்கரண்டிகூட இல்லை. வாளி முழுவதற்கும் ஆறாயிரம் சாஷேக்களுக்கு மேல் வேண்டியிருக்கும். 0.2 சதவீதம் சேர்த்தால் மூவாயிரத்துச் சொச்சமாகக் குறையும், அவ்வளவுதான். இதோடு இன்னொன்றும் உண்டு. ஷாம்பூக்கள் பொதுவாக இலேசான அமிலத்தன்மையோடு தயாராகின்றன, அமிலத்தில் இ.டி.டி.ஏ.வின் கால்சியப் பிடி மேலும் தளர்ந்துவிடும். கடின நீரை எதிர்க்கும் என்ற பேச்சு இந்தக் கணக்கின் முன்னால் நிற்பதில்லை.

சோப்பின் கதையும் இதுதான். சோப்பு, கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கால்சியம் வந்து சேர்ந்ததும் அது நீரில் கரையாத கால்சியம் உப்பாக மாறி, பக்கெட் ஓரத்திலும் தரையிலும் வெள்ளைத் திட்டாகப் படிகிறது. அந்த 20 லிட்டர் வாளியின் கடினத்தன்மை முழுவதையும் சோப்பைக்கொண்டே தீர்க்க முயன்றால் 60 கிராமுக்கு மேல் சோப்பு வீணாகும். ஒரு குளியலுக்குக் கரையும் சோப்பிலிருக்கும் சில மில்லிகிராம் இ.டி.டி.ஏ. இதில் என்ன செய்துவிட முடியும்? துணி துவைக்கும் பவுடரில் நிலைமை வேறு. அங்கே வாளியின் கால்சியத்தைப் பிடிப்பதுதான் நோக்கம். அதனால் பாஸ்பேட்டும், பிறகு அதற்கு மாற்றாக வந்த சியோலைட்டும், பவுடரின் எடையில் கணிசமான பங்காகவே சேர்க்கப்பட்டன. தண்ணீரைத் திருத்த விரும்பும் பொருள் தண்ணீருக்கு ஈடான அளவில் இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே சான்று. தலைக்குக் குளிக்கச் சோப்பை விட்டுவிட்டு ஷாம்பூவுக்கு மாறியபோது திட்டுப் படிவது குறைந்ததே என்றால், அதற்குக் காரணம் ஷாம்பூவின் நுரைக்கும் பொருள். அது கால்சியத்தோடு சோப்பைப்போல எளிதில் திரிந்து போவதில்லை. சீயக்காயின் சபோனினுக்கும் அந்தக் குணம் உண்டு. கிணற்று நீரிலும் சீயக்காய் தன் வேலையைச் செய்ததற்கு எந்த உலோகப் பற்றியும் தேவைப்படவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழுவது நியாயமும்கூட. ஷாம்பூ வாளியோடு மோதுவதில்லை. நனைந்த முடியில் தங்கியிருக்கும் கொஞ்ச நீரோடும், முடியில் ஏற்கெனவே படிந்திருக்கும் உலோகங்களோடும்தான் மோதுகிறது. ஆகவே வாளிக் கணக்கு பொருந்தாது என்பார்கள். ஓரளவு சரிதான். ஆனால் நனைந்த கூந்தலில் 50 மில்லி நீர்தான் இருக்கிறது என்றாலும் ஆறு மில்லிகிராம் போதாது. மேலும் ஷாம்பூவை அலசுவது அதே கடின நீரால்தான். கடின நீர் முடியைக் கெடுக்கிறதா என்பதிலேயே ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கோயம்புத்தூர்த் தோல் மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், கடின நீரிலும் வாலை வடிநீரிலும் தனித்தனியே ஒரு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் நனைத்த முடிகளின் இழுவலிமையிலும் மீள்தன்மையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பாகிஸ்தானில் 2018-ல் வெளியான இன்னோர் ஆய்வு, கடின நீரில் முடியின் வலிமை குறைந்ததாகச் சொன்னது. இரண்டுமே முடி அறுந்துபோவதைப் பற்றியவை. வேரோடு உதிர்வதைப் பற்றியவை அல்ல. ‘இந்த ஊர் தண்ணீரால் முடி கொட்டுகிறது’ என்று நாம் சொல்லும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

தோல் விஷயத்திலும் சான்றுகள் எச்சரிக்கையோடுதான் பேசுகின்றன. பிரிட்டனில் 80 பேரை வைத்து நடந்து 2018-ல் வெளியான ஆய்வு, கடின நீரில் கழுவும்போது நுரைக்கும் பொருளின் எச்சம் தோலில் அதிகம் தங்கி எரிச்சலைக் கூட்டுவதைக் காட்டியது. அப்படியானால் தண்ணீரையே மென்மையாக்கிக் கொடுத்தால் குழந்தைகளின் தோலழற்சி குறைய வேண்டுமே? அதையும் சோதித்தார்கள். 336 குழந்தைகள் கலந்துகொண்டு 2011-ல் முடிவு வெளியான சோதனையில், வீட்டு நீர் முழுவதையும் மென்மையாக்கும் கருவியை 12 வாரம் பொருத்தியும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. வாளி முழுவதும் மாற்றியும் கிடைக்காத பலனை ஆறு மில்லிகிராமிடம் எதிர்பார்ப்பதில் பொருளில்லை. முடி பிசுபிசுப்பாகவும் முரடாகவும் இருப்பதுதான் குறை என்றால், கடைசி இரண்டு மூன்று சொம்பு மட்டும் நல்ல தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைநீரிலோ அலசலாம். முடியில் உலர்ந்து படிவது கடைசியாகத் தங்கும் நீரின் உப்புதானே.

வாளியில் பயனில்லாத இதே ஆறு மில்லிகிராம் புட்டிக்குள் எப்படிப் பெரிய வேலை செய்கிறது? எதிரியின் அளவு அங்கே மிகச் சிறிது என்பதே காரணம். தயாரிப்புக்குப் பயன்படும் நீர் சுத்திகரிக்கப்பட்டதுதான். ஆனாலும் மூலப்பொருள்களிலிருந்தும் எண்ணெய்களிலிருந்தும் குழாய், கலன்களிலிருந்தும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று இரும்பும் செம்பும் வந்து சேர்ந்துவிடும். அவ்வளவு போதும் கெடுப்பதற்கு. இரும்பு அயனி பெராக்சைடைச் சிதைத்துக் கடும் வினைத்திறன் கொண்ட கூறுகளை உண்டாக்கும் வினையை 1894-லேயே ஹென்றி ஃபென்டன் விவரித்துவிட்டார். இந்த வினையில் இரும்பு செலவாவதில்லை. மாறி மாறித் திரும்பி வந்து அடுத்த மூலக்கூறைத் தாக்குகிறது. எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும், வாசனைத் திரவியம் மங்கிப்போவதும், வெளிர் நிற லோஷன் பழுப்பேறுவதும், கையால் செய்த சோப்புக் கட்டிகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றுவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். இரும்பையும் செம்பையும் கட்டிப்போட்டுவிட்டால் இந்தச் சங்கிலி அறுபடுகிறது. கால்சியத்தின் மீதுள்ள பிடியைவிட இவற்றின் மீதுள்ள பிடி பல கோடி மடங்கு வலிது என்பதால், சிறு அளவும் தாராளமாகப் போதும். சோப்பில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அதன் காரத்தன்மையில் இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரிந்து இ.டி.டி.ஏ.வின் பிடியிலிருந்து நழுவப் பார்க்கும். சோப்பு உறையில் எட்டிட்ரோனிக் அமிலம் அல்லது அதன் உப்பு என்று இன்னொரு பெயரும் சேர்ந்து வருவதற்கு அதுதான் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் அந்த அமிலத்துக்குச் சோப்பில் 0.2 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

இரண்டாவது வேலை இன்னும் முக்கியமானது. பொதுப் பேச்சில் அது ஏறக்குறைய வருவதே இல்லை. நீர் கலந்த எந்தப் பொருளிலும் கிருமி வளரும். அவற்றில் மோசமானது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஈரமுள்ள இடத்தில் மிகக் குறைந்த உணவிலேயே பெருகக்கூடியது. கிருமியைத் தடுக்கச் சேர்க்கும் பாதுகாப்புப் பொருள்கள் பலவற்றை அதன் வெளிச்சவ்வு உள்ளே விடாது. அந்தச் சவ்வின் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்து நிறுத்துபவை கால்சியமும் மக்னீசியமும்தான். 1965-ல் அமெரிக்க ஆய்வாளர் லொரெட்டா லீவ், அதே வகைச் சவ்வுள்ள ஈ. கோலி பாக்டீரியாவை இ.டி.டி.ஏ.வில் வைத்துப் பார்த்தார். சவ்வின் ஒரு பகுதி கழன்று விழுந்தது. அதுவரை உள்ளே நுழைய முடியாதிருந்த மருந்து நுழைந்தது. ஷாம்பூவிலும் லோஷனிலும் நடப்பது இதுவே. உலோகப் பற்றி பொதுவாகத் தானே கிருமியைக் கொல்வதில்லை; சவ்வைத் தளர்த்துகிறது, பாதுகாப்புப் பொருள் உள்ளே போய் வேலையை முடிக்கிறது. இதனால் பாதுகாப்புப் பொருளின் அளவைக் குறைக்க முடிகிறது. லேபிளில் உள்ள பாதுகாப்புப் பொருள்களைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர் இ.டி.டி.ஏ.

கிருமிப் பாதுகாப்பு குறைந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் ஊரோடு தொடர்புடைய, வருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. 2022-லும் 2023-லும் அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 81 பேர், மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் தொற்றுக்கு ஆளானார்கள். அவர்களில் 14 பேர் பார்வை இழந்தார்கள். 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. 4 பேர் இறந்தார்கள். தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்டது தமிழ்நாட்டில் தயாரான செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. திரும்பத் திரும்பத் திறந்து பயன்படுத்தும் புட்டியில், போதுமான பாதுகாப்புப் பொருள் இல்லாமல் அது விற்கப்பட்டது என்பதும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சுட்டிய குறைகளில் ஒன்று. கண் மருந்தும் ஷாம்பூவும் ஒன்றல்ல. ஆலையின் சுகாதாரக் கேடும் அதில் உண்டு. ஆனால் திறந்து திறந்து மூடும் ஈரமான புட்டியின் ஆபத்து இரண்டுக்கும் பொது. கடலூர் சின்னி கிருஷ்ணன் வழிகாட்டிய சாஷே முறை இந்த வகையில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு நன்மையையும் கொண்டுவந்தது: கிழித்தால் ஒரு குளியலோடு முடிந்துவிடும், மறுநாள் ஈரக்கை பட வாய்ப்பில்லை. பிளாஸ்டிக் குப்பையாக அது செய்யும் கேடு தனிக் கதை. மாதக்கணக்கில் ஈரமான குளியலறையில் நிற்கும் ஒரு லிட்டர் பம்ப் புட்டிக்கோ பாதுகாப்பு முழுமையாக வேண்டும்.

பயத்தால் ஒரு பொருளை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது என்பதையும் இந்தத் துறை ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. பாரபென் என்ற பாதுகாப்புப் பொருள்களின் மீது சந்தேகம் கிளம்பியபோது நிறுவனங்கள் பல அவற்றைக் கைவிட்டன. மெத்தில்ஐசோதயசோலினோன் போன்றவற்றின் பயன்பாடு பெருகியது. தொடர்ந்து தோல் ஒவ்வாமை பரவியது. அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் அந்தப் பொருளை 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விடும் பொருள்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் விதி செய்தது. 2019-ல் அதே சங்கம் பாரபென்களை ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்று தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. இ.டி.டி.ஏ.வை எடுத்துவிட்டு அதன் வேலையை வேறொன்று செய்கிறதா என்று பார்க்காமல் ‘இ.டி.டி.ஏ. இல்லாதது’ என்று பெருமையாக அச்சிடுபவர்களுக்கு இந்த வரலாறு பொருந்தும்.

உடம்பைப் பற்றிய அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடிப்படை உண்டு, ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. இ.டி.டி.ஏ. ரத்தத்தில் ஏறினால் கால்சியத்தைப் பிடிக்கும் என்பது முற்றிலும் உண்மை. ஈய நஞ்சுக்கு ரத்தநாளம் வழியாகக் கொடுக்க வேண்டியது கால்சியம் சேர்ந்த வகை. அது தன் கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். அந்த இடத்தில் கால்சியம் இல்லாத டைசோடியம் வகை ஏற்றப்பட்டால் ரத்தக் கால்சியம் சரியும். 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் இத்தகைய ஏற்றத்தால் கால்சியம் சரிந்து மூவர் இறந்தார்கள், இருவர் குழந்தைகள். லேபிளில் நாம் படிப்பதும் அதே டைசோடியம் வகைதான். ஆனால் ரத்தநாளம் வேறு, தோல் வேறு. மின்னேற்றம் கொண்ட, நீரை விரும்பும் இந்த மூலக்கூறு தோலைக் கடப்பது அரிது. அழகுசாதனப் பொருள்களை மதிப்பிடும் அமெரிக்க நிபுணர் குழு 2002-ல் வெளியிட்ட அறிக்கை, தோல் வழியாக உறிஞ்சப்படுவது 0.001 சதவீதம்தான் என்ற ஆய்வை எடுத்துக்காட்டி, புழக்கத்திலுள்ள அளவுகளில் இது பாதுகாப்பானது என்று முடிவு செய்தது. செறிவூட்டிய கோதுமை மாவில் இரும்புச் சத்தைச் சேர்க்க அனுமதிக்கப்பட்டவற்றில் சோடியம் இரும்பு இ.டி.டி.ஏ.வும் ஒன்று, அதை நாம் சாப்பிடவே செய்கிறோம். அந்த நிபுணர் குழு ஓர் எச்சரிக்கையும் விடுத்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இ.டி.டி.ஏ. தோலைச் சற்றுத் தளர்த்துவதால் கூடவே உள்ள வேறு பொருள்கள் உள்ளே போக உதவலாம். நாள் முழுதும் தோலில் இருக்கும் லோஷன்களை வடிவமைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

எனக்கு உண்மையான ஆட்சேபமாகப் படுவது குளித்த பிறகு தொடங்குகிறது. சாக்கடையில் இறங்கிய இ.டி.டி.ஏ. எளிதில் சிதைவதில்லை. சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அதைப் பெரும்பாலும் தொடாமல் ஆற்றுக்குள் விட்டுவிடும். ஆற்றில் இரும்போடு சேர்ந்த பகுதியை வெயில் சிதைக்கும். மற்றவை நீடிக்கும், போகிற வழியில் உலோகங்களையும் சுமந்து போகும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் புதைத்த அணுக் கழிவிலிருந்து கதிரியக்கக் கோபால்ட் நிலத்தடியில் நகர்ந்து வந்ததற்கு, சுத்தம் செய்யப் பயன்படுத்திய இ.டி.டி.ஏ. காரணமாக இருந்ததை 1978-ல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஜெர்மனியில் 1991-ல் அரசும் தொழில்துறையும் சேர்ந்து நீர்நிலைகளுக்குச் செல்லும் அளவைப் பாதியாக்க உறுதி எடுத்ததும் இந்தக் கவலையால்தான். இதற்கு நிறுவனங்கள் சொல்லும் வழக்கமான பதில், ஷாம்பூ, சோப்பின் பங்கு சிறிது என்பது. அதுவும் பொய்யல்ல. ஆலைகளைக் கழுவும் திரவங்கள், காகிதக்கூழ் வெளுப்பு, உரக்கடையில் கிடைக்கும் துத்தநாக இ.டி.டி.ஏ. வரை பெரிய பயன்பாடுகள் பல. ஆனால் நம் ஊரில் குளியல் நீர் எங்கே போகிறது? பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் அது சோக்பிட்டிலோ திறந்த கால்வாயிலோ இறங்கி நிலத்துக்குள் போகிறது. மண்ணுக்கடியில் வெயில் கிடையாது. சிறு பங்காக இருந்தாலும் தவிர்க்க வழியிருந்தால் தவிர்ப்பதுதான் முறை.

வழி இருக்கிறது. குளுட்டமிக் அமிலத்திலிருந்து செய்யும் ஜி.எல்.டி.ஏ., அலனினிலிருந்து வரும் எம்.ஜி.டி.ஏ. இரண்டும் சில வாரங்களில் நுண்ணுயிர்களால் சிதைபவை. அரிசித் தவிட்டிலிருந்து எடுக்கப்படும் ஃபைட்டிக் அமிலம் இரும்பை நன்றாகக் கட்டிவைக்கும். இ.டி.டி.எஸ். என்பது இ.டி.டி.ஏ.வின் அதே அணுக்கள் வேறு விதமாக அமைந்த மூலக்கூறு. அதன் ஒரு வடிவம் எளிதில் சிதையும். தலைச்சாயத்தில் இது குறிப்பாகப் பயன்படுகிறது. குழாய்நீரிலிருந்து முடியில் சேர்ந்த செம்பு, சாயத்திலுள்ள பெராக்சைடை முறைதவறிச் சிதைத்து முடியைத் தாக்கும்; முடியில் கால்சியம் பல மடங்கு அதிகம் இருந்தாலும் இ.டி.டி.எஸ். செம்பைத் தேடிப் பிடிக்கிறது. உலோகப் பற்றி முடியிலேயே உண்மையான வேலை செய்யும் அபூர்வ இடம் அது. அங்கும் எதிரி, அளவில் மிகச் சிறிதான உலோகம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாற்றுகளுக்கு எதிராக வைக்கப்படும் வாதம், அவற்றின் கால்சியப் பிடி பலவீனம் என்பது. பலவீனம்தான், ஜி.எல்.டி.ஏ.வின் கால்சியப் பிடி இ.டி.டி.ஏ.வினதைவிடப் பல ஆயிரம் மடங்கு தளர்ந்தது. ஆனால் வாளிக் கணக்கை மறுபடி நினைத்துப் பார்த்தால் இந்த வாதம் தானே விழுந்துவிடும். ஷாம்பூவிலிருக்கும் இ.டி.டி.ஏ.வாலும் வாளியின் கால்சியத்தை ஒன்றும் செய்ய முடியாதபோது, அந்த வலிமையை இழப்பதில் என்ன நட்டம்? புட்டிக்குள் இரும்பும் செம்பும் கட்டுப்பட வேண்டும். அதற்கு மாற்றுகள் போதும். ஓரிடத்தில்தான் கவனம் வேண்டும். பாக்டீரியாவின் சவ்வைத் தளர்த்தக் கால்சியப் பிடி தேவை. அதனால் மாற்றைக் கூடுதல் அளவில் சேர்க்க வேண்டிவரலாம், சில கலவைகளில் பாதுகாப்புப் பொருளையே மாற்ற வேண்டிவரலாம். இதை ஊகத்தில் முடிவு செய்ய வேண்டியதில்லை. தயாரிப்புக்குள் வேண்டுமென்றே கிருமிகளைச் செலுத்தி 28 நாள் கவனிக்கும் சோதனை ஒன்று உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. நீர் மிகக் குறைந்த குளியல் சோப்பில் கிருமிக் கவலையும் குறைவு. அது கழிவுநீரில் முழுவதுமாகக் கரைந்து போகும் பொருளும்கூட. மாற்றத்தை அங்கிருந்து தொடங்கலாம். லோஷனிலும் பெரிய பம்ப் புட்டிகளிலும் அந்த 28 நாள் முடிவு கையில் வந்த பிறகுதான் இ.டி.டி.ஏ.வை எடுக்க வேண்டும். ‘இ.டி.டி.ஏ. இல்லை’ என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சிடும் நிறுவனம், அதன் இடத்தில் எதைச் சேர்த்தது, எந்தச் சோதனையில் தேறியது என்ற இரண்டு வரிகளையும் பின்பக்கத்தில் அச்சிடட்டும்.